31 முறை தோற்ற சாம்பியன்!
அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் ஒரு சின்ன டோர்னமெண்ட் திறந்துவிட்ட பெரிய கதவு

ஒரு சீசனில் 78 ஆட்டம் ஆடி, அதில் 31 ஆட்டத்தில் தோற்றுப்போன அணியை யாராவது சாம்பியன் என்று கூப்பிடுவார்களா?

கூப்பிட்டார்கள். அமெரிக்கா முழுவதும் கூப்பிட்டார்கள். 2008-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி இரவு, நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரத்தில், கலிபோர்னியாவின் பிரெஸ்னோ ஸ்டேட் மாணவர்கள் அந்த நாட்டின் கல்லூரி பேஸ்பால் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அத்தனை தோல்விகளைச் சுமந்துகொண்டு வந்து அந்தக் கோப்பையை வாங்கியவர்கள் அதற்கு முன்பு யாரும் கிடையாது.

கோப்பை வாங்கியது பெரிய சங்கதிதான். ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் போட்டிக்குள் நுழைய அவர்களுக்கு இடம் கிடைத்ததே அதைவிடப் பெரிய சங்கதி. அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது, மே மாதக் கடைசியில் நடந்து முடிந்த ஒரு சின்ன டோர்னமெண்ட். "கான்பரன்ஸ் டோர்னமெண்ட்" என்று சொல்வார்கள். நம் பக்கத்தில் அதன் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அதில் ஜெயிக்காமல் போயிருந்தால், ஜூன் மாதம் பிரெஸ்னோ பையன்கள் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி

பேஸ்பால் ஆட்டம் பார்த்திராத வாசகர்களுக்காக நாலு வரி. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட்டானால் ஒரு பக்கத்தின் அரை இன்னிங்ஸ் முடிந்தது; எதிர்ப்பக்கம் அடிக்க வரும். பந்து தரையில் குத்தி எழும்பாது. "பிட்சர்" எனப்படும் பந்து எறிபவர், எதிரே நிற்பவரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே குறி பார்த்து நேராக எறிவார். அடிப்பவர் உருண்டைத் தடியால் அடித்துவிட்டு, சதுரத்தின் நாலு மூலையிலும் இருக்கும் "பேஸ்"களைத் தொட்டுக்கொண்டு சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று வந்தால் ஒரு ரன். பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டால் "ஹோம் ரன்". நம் சிக்ஸர் மாதிரிதான். ஆனால் சிக்ஸருக்கு எப்போதும் ஆறு. ஹோம் ரன்னுக்கோ, அந்த நேரத்தில் பேஸ்களில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை பேரும் அடித்தவரோடு சேர்ந்து வீடு வந்து சேரலாம். ஒரு ரன்னும் கிடைக்கும், நாலு ரன்னும் கிடைக்கும்.

நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2008-ம் ஆண்டு நவம்பரில்தான் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இளைஞர்கள் பிட்ஸ்பர்க் பேஸ்பால் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். வேகமாகப் பந்து எறியும் டெலிவிஷன் போட்டி ஒன்றில் தேறி அமெரிக்கா போனவர்கள். (இந்த ரிங்கு சிங் கிரிக்கெட் ரிங்கு சிங் அல்ல. இவர் பிற்பாடு மல்யுத்தத்துக்குப் போய் "வீர் மஹான்" ஆகிவிட்டார்.)

இந்த ஆட்டத்தில் எல்லாம் பிட்சரின் தோளில் இருக்கிறது. ஒரு ஆட்டத்தில் நூறு பந்துக்கு மேல், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த தோள், மறுநாள் தலைவாரக்கூடத் தூக்க வராது. அதனால் அவருக்கு நாலைந்து நாள் ஓய்வு கட்டாயம். கல்லூரி ஆட்டங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று வாரக் கடைசியில் மூன்று ஆட்டம் நடக்கும். மூன்று நாளைக்கு மூன்று பிட்சர்கள். வாரா வாரம் இதே கணக்கு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

கன்பர்ம் டிக்கெட்டும் எமர்ஜென்சி கோட்டாவும்

அமெரிக்காவில் பேஸ்பாலில் முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகள் மட்டும் ஏறக்குறைய 300. அத்தனை பேரும் அத்தனை பேரோடும் ஆட முடியாது. எனவே எட்டு, பத்து, பதினாலு கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொள்கின்றன. அதுதான் கான்பரன்ஸ். பிப்ரவரி நடுவில் தொடங்கி மே மாதம் வரை பெரும்பாலும் தங்கள் கான்பரன்ஸுக்குள்ளேயே ஆடிக்கொள்வார்கள்.

பக்கத்து ஊர்க் கல்லூரிகள்தான் சேர வேண்டும் என்று சட்டமில்லை. பிரெஸ்னோ அப்போது இருந்தது வெஸ்டர்ன் அத்லெடிக் கான்பரன்ஸ். அதன் ஒரு உறுப்பினர் பசிபிக் கடல் நடுவே இருக்கும் ஹவாய். இன்னொரு உறுப்பினர் லூசியானா. இரண்டுக்கும் நடுவே 6,000 கிலோமீட்டருக்கு மேல்! கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்குப் போய்வரும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். இதற்கு "மேற்கத்திய" என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மே மாதம் முடிந்ததும் தேசியப் போட்டி. அதில் 64 அணிகளுக்குத்தான் இடம். 300 பேர் க்யூவில், 64 பெர்த்.

ரயில்வேக்காரன் பாஷையில் சொல்வதானால், இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று கன்பர்ம் டிக்கெட். ஒவ்வொரு கான்பரன்ஸின் சாம்பியனுக்கும் ஒரு இடம் தானாகவே கிடைத்துவிடும். சுமார் 30 இடங்கள் இப்படிப் போய்விடும். மீதி இருப்பது எமர்ஜென்சி கோட்டா. ஒரு கமிட்டி உட்கார்ந்து, யார் எத்தனை ஜெயித்தார்கள், யாரை ஜெயித்தார்கள் என்று கணக்குப் பார்த்து, அழைப்பு அனுப்பும். கோட்டா யாருக்குக் கிடைக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய பெயர், பெரிய கான்பரன்ஸ், பலசாலிகளோடு மோதிய சரித்திரம் உள்ளவர்களுக்கு முதலில் கிடைக்கும். சின்ன கான்பரன்ஸ்காரர்கள் லிஸ்டில் கீழே நிற்பார்கள்.

சரி, கான்பரன்ஸ் சாம்பியன் யார்? நாலு மாதம் ஆடி, பட்டியலில் முதலில் நிற்பவர்தானே? இல்லை! பெரும்பாலான கான்பரன்ஸுகளில், கடைசியில் நாலைந்து நாள் நடக்கும் டோர்னமெண்டில் கோப்பை வாங்குபவருக்குத்தான் அந்த கன்பர்ம் டிக்கெட். நாலு மாதம் முதலிடத்தில் இருந்துவிட்டு, அந்த நாலு நாளில் சறுக்கினால் டிக்கெட் கேன்சல். நாலு மாதம் நடுவில் கிடந்துவிட்டு, அந்த நாலு நாளில் விஸ்வரூபம் எடுத்தால் அவருக்கு பெர்த்.

இது நியாயமா என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. பசிபிக் கரையோரப் பெரிய கல்லூரிகள் சேர்ந்த பேக்-10 கான்பரன்ஸ், இந்த டோர்னமெண்டே வேண்டாம் என்று ரொம்ப காலம் ஒதுக்கி வைத்திருந்தது. அங்கே பட்டியலில் முதல் ஆளே சாம்பியன். 2022-ல்தான் அவர்களும் டோர்னமெண்ட் வைத்தார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், நாலு மாத உழைப்புக்கு மரியாதை தருவது பேக்-10-ன் பழைய முறைதான். ஆனால் பிரெஸ்னோ மாதிரிக் கதை வேண்டுமென்றால், டோர்னமெண்ட் இருந்தால்தான் உண்டு.

ஜெயித்தாலும் கஷ்டம், தோற்றாலும் கஷ்டம்

இந்த டோர்னமெண்டுகளில் ரொம்ப காலமாக இருந்துவரும் முறை, "இரண்டு தோல்வி" முறை. நம் ஊர் கபடிப் போட்டி மாதிரி ஒருமுறை தோற்றதும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஒரு தோல்விக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவது தோல்வியில் வெளியே.

கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். எட்டு அணிகள் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோல்வியும் இல்லாமல் போகிறவர் நாலு ஆட்டத்தில் கோப்பை வாங்கிவிடலாம். முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் அதே கோப்பையை வாங்க வேண்டுமானால், வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அதிலும் கடைசி இரண்டு ஆட்டம், அதுவரை தோற்காத அதே அணியை அடுத்தடுத்து இரண்டு முறை தோற்கடிக்க வேண்டும்.

இப்போது அந்தப் பிட்சர் கணக்கை எடுங்கள். வாரத்துக்கு மூன்று ஆட்டம், மூன்று நல்ல பிட்சர். இங்கே ஒரே வாரத்தில் நாலிலிருந்து ஏழு ஆட்டம். நாலாவது நாள் யாரை எறியச் சொல்வது? கோச் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். முதல் வருஷ மாணவன் ஒருவன், சீசன் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தவன், திடீரென்று கூப்பிடப்படுவான். கல்லூரியின் எதிர்காலம் அவன் கையில்.

முதல் நாள் ஆட்டத்துக்கே நல்ல பிட்சரை இறக்கிவிடலாமா, கடைசி நாளுக்குப் பத்திரமாக வைக்கலாமா என்பதில் கோச்சுகளுக்குள் முடியாத வாதம். பத்திரமாக வைத்தால் கடைசி நாள் வராமலே போகலாம். மாதச் சம்பளத்தை முதல் வாரமே செலவழிப்பதா, முப்பதாம் தேதிக்கு மிச்சம் பிடிப்பதா என்கிற நம் வீட்டுப் பிரச்சினைதான்.

பெரிய வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சவுத் ஈஸ்டர்ன் கான்பரன்ஸ் என்று ஒன்று. பேஸ்பாலில் மிராசுதார் கூட்டம். இவர்கள் டோர்னமெண்ட் 1998-லிருந்து வருஷா வருஷம் அலபாமா மாநிலத்து ஹூவர் நகரில் நடந்து வந்திருக்கிறது. 2020-ல் மட்டும் கொரோனாவால் ரத்து. மே மாதக் கடைசி என்றால் அந்த ஊரில் திருவிழா. குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டு, இறைச்சி சுட்டுத் தின்றுகொண்டு, காலையிலிருந்து நள்ளிரவு வரை ஆட்டம் பார்ப்பார்கள். ஆனால் அங்கே ஆடும் பெரிய அணிகளில் பலவற்றுக்கு, கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் கமிட்டி அழைப்பு வந்துவிடும். அதனால் சில கோச்சுகள் தங்கள் முதல்தரப் பிட்சரை ஹூவரில் அதிகம் எறியவிடாமல் அடுத்த வாரத்துக்கு மிச்சம் பிடிப்பதும் உண்டு. 2025-லிருந்து அங்கே இரண்டு தோல்வி முறையையும் எடுத்துவிட்டார்கள். 16 அணிகளுக்கும் இடம். ஒரு தோல்வி, அவ்வளவுதான்.

2008-ல் அந்த கான்பரன்ஸின் பட்டியலில் முதலில் நின்றது ஜார்ஜியா பல்கலைக்கழகம். ஆனால் ஹூவர் கோப்பையை வாங்கியது லூசியானா ஸ்டேட். ஜார்ஜியாவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கோப்பை இல்லாமலே கமிட்டி அழைப்பு வந்தது. அழைப்பு மட்டுமல்ல, நாட்டின் முதல் எட்டுப் பேரில் எட்டாவது என்று பட்டமும் வந்தது. இந்த ஜார்ஜியாவை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிவில் இவர்கள்தான் எதிரே நிற்கப் போகிறார்கள்.

திராட்சைத் தோட்டத்து ஊர்

பிரெஸ்னோ, சினிமாவில் காட்டும் கலிபோர்னியா அல்ல. கடற்கரை கிடையாது, ஹாலிவுட் கிடையாது. சான் ஹோக்கின் பள்ளத்தாக்கின் நடுவே, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் காய்கிற விவசாய ஊர். அமெரிக்காவின் உலர் திராட்சையில் மிகப் பெரும்பகுதி இந்த வட்டாரத்து வெயிலில் காய்ந்து வருவதுதான். பாதாம், பருத்தி, தக்காளியும் உண்டு. தோட்டங்களில் குனிந்து நிமிர்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் பஞ்சாப் சீக்கியர்களும் அங்கே நிலம் வாங்கித் திராட்சை போட்டுத் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ஊரைவிட்டு ஊர் வந்து கையால் உழைத்துச் சாப்பிடுகிற ஜனங்களின் ஊர் என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும்.

கல்லூரி 1911-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக ஆரம்பிக்கப்பட்டது. கல்லூரி விளையாட்டு வீரர்களின் சட்டையிலும் தொப்பியிலும் பச்சை நிறத்தில் "வி" என்ற ஆங்கில எழுத்தைப் பார்க்கலாம். பள்ளத்தாக்கின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து. பச்சை, வயலுக்காக.

பேஸ்பால் ஆடும் மாணவனுக்குப் பணம் கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அன்றைய விதிப்படி ஒரு கல்லூரி, பேஸ்பால் அணி முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய உதவித்தொகை 11.7 பேருக்கு உண்டானது. அந்தப் பதினொன்றே முக்காலுக்கும் குறைச்சலான தொகையை இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பங்கு போட வேண்டும்! ஒருவனுக்கு முக்கால், ஒருவனுக்குக் கால், சிலருக்கு ஒன்றுமில்லை. மீதிப் பீஸை அப்பா, அம்மா கட்ட வேண்டும். 2025 வரை இந்த 11.7 கணக்குதான் இருந்தது. அதனால் இந்த டோர்னமெண்டில் பந்து எறியும் பையன்களைச் சம்பள ஆட்டக்காரர்களாக நினைக்காதீர்கள். பெரும்பாலோருக்கு மே மாதம் பரீட்சை மாதமும்கூட.

2008 சீசன் ஆரம்பமே பிரெஸ்னோவுக்குச் சரியில்லை. முதல் 20 ஆட்டத்தில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். போகப் போகச் சமாளித்து மேலே வந்துகொண்டிருந்தபோது, மே மாதத்தில் தலையில் இடி. டானர் ஷெப்பர்ஸ் என்ற அவர்களுடைய முதல்தரப் பிட்சருக்குத் தோள்பட்டையில் காயம். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் எறியக்கூடிய கை. சம்பள அணிகளின் ஆள்பிடிப்பவர்கள் அவரைப் பார்க்கத்தான் ஆட்டத்துக்கே வருவார்கள். அவர் இனி அந்த சீசனில் கிடையாது.

வலது பக்கம் தூரத்தில் பீல்டிங் செய்யும் ஸ்டீவ் டெட்வைலருக்கு இடது கட்டைவிரல் ஜவ்வு கிழிந்திருந்தது. தடியைப் பிடிக்கவே கட்டைவிரல் வேண்டும். ஆபரேஷனை சீசன் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். மூன்றாவது பேஸைக் காக்கும் டாமி மெண்டோன்ஸா பீல்டிங்கில் புலி. ஆனால் அந்த சீசனில் பந்தைத் தொடாமலே "ஸ்ட்ரைக் அவுட்" ஆனது 99 தடவை. கல்லூரி பேஸ்பால் சரித்திரத்திலேயே அது ஒரு ரிக்கார்டு. யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ரிக்கார்டு.

முதல்தரப் பிட்சர் இல்லை. தோல்விகளோ இருபத்தைந்துக்கு மேல். இந்தக் கணக்கைக் கமிட்டி முன்னால் வைத்தால் கோட்டாவில் இடம் கிடைக்குமா? கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். மைக் பேட்ஸோல் என்ற கோச்சுக்கும் தெரியும். ஒரே வழி, கான்பரன்ஸ் டோர்னமெண்டில் கோப்பை வாங்குவது.

வாங்கினார்கள். அந்த நாட்களில் ஷெப்பர்ஸ் விட்டுப்போன இடத்தை யார் யாரோ வந்து நிரப்பினார்கள். கன்பர்ம் டிக்கெட் கைக்கு வந்தது.

நாலாவது நம்பர்

கைக்கு வந்தது ஜெனரல் கம்பார்ட்மெண்ட் டிக்கெட்தான்! 64 அணிகளை நாலு நாலாகப் பிரித்து 16 ஊர்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு ஊரிலும் பலத்தின்படி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நம்பர் போடுவார்கள். பிரெஸ்னோவுக்குக் கிடைத்த நம்பர் நாலு. அதாவது கூட்டத்திலேயே கடைசி. இந்த நம்பர் வாங்கியவர்கள் இரண்டு ஆட்டம் ஆடித் தோற்று ஊர் திரும்புவதுதான் வாடிக்கை.

போன ஊர் லாங் பீச். அந்த ஊர்க் கல்லூரியையே அவர்கள் மைதானத்தில் தோற்கடித்து, மற்றவர்களையும் தள்ளிவிட்டு பிரெஸ்னோ வெளியே வந்தது. அடுத்த கட்டம் அரிசோனா ஸ்டேட். நாட்டில் மூன்றாவது இடம் என்று பட்டம் பெற்றவர்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் 12-4 என்று பிரெஸ்னோவுக்குச் சாத்துபடி. முடிந்தது கதை என்று எழுதியவர்கள் எழுதினார்கள். மறுநாள் 8-6. அதற்கு மறுநாள் 12-9. இரண்டும் பிரெஸ்னோ!

கடைசி எட்டு அணிகள் சேருமிடம் ஒமாஹா. 1950-லிருந்து கல்லூரி பேஸ்பாலின் இறுதிப் போட்டிகள் அங்கேதான். எனக்கு இந்த ஊர் பெயர் வேறு வகையில் பரிச்சயம். யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர். அமெரிக்காவின் இரண்டு கரையையும் சேர்த்து 1869-ல் முடிந்த ரயில் பாதையில், ஒரு கோஷ்டி ஒமாஹாவிலிருந்து மேற்கே தண்டவாளம் போட்டுக்கொண்டு போனது. இன்னொரு கோஷ்டி கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே வந்தது. நடுவில் யூட்டா மாநிலத்தில் இரண்டும் சந்தித்தன. அதை விடுங்கள், ஆட்டத்துக்கு வருவோம்.

ஒமாஹாவில் முதல் ஆட்டம், ஆறாவது இடத்து ரைஸ். 17-5 என்று பிரெஸ்னோ நொறுக்கியது. அடுத்து இரண்டாவது இடத்து நார்த் கரோலினா. 5-3 பிரெஸ்னோ. மறுபடி மோதியபோது 4-3 நார்த் கரோலினா. மூன்றாவது முறை 6-1 பிரெஸ்னோ. இறுதிப் போட்டிக்குள் நுழைந்தாகிவிட்டது. அதற்குள் பிரெஸ்னோ ரசிகர்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒமாஹா வந்து இறங்கிவிட்டார்கள். எளியவன் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் "அண்டர்டாக்" என்பார்கள். அதைத் திருப்பி "வொண்டர்டாக்" என்று பெயர் வைத்தார்கள். பிரெஸ்னோ அணியின் பட்டப்பெயர் புல்டாக்.

வேடிக்கை என்னவென்றால் எதிரே நின்ற ஜார்ஜியாவுக்கும் பட்டப்பெயர் புல்டாக்தான். கோப்பை இல்லாமலே அழைப்பு வாங்கி வந்த புல்டாக் ஒரு பக்கம். கோப்பையைக் காட்டி உள்ளே வந்த புல்டாக் இன்னொரு பக்கம்.

மூன்று இரவுகள்

ஜூன் 23. முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது பிரெஸ்னோ 6-3 என்று முன்னணியில் இருந்தது. அந்த இன்னிங்ஸில் ஜார்ஜியா நாலு ரன் எடுத்தது. 7-6. கையிலிருந்த ஆட்டம் போய்விட்டது. அது பிரெஸ்னோவின் 31-வது தோல்வி.

ஜூன் 24. இன்னொரு தோல்வி வந்தால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஜார்ஜியா 5-0. பிரெஸ்னோவிலிருந்து வந்த அப்பா, அம்மாக்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது இன்னிங்ஸில் தட்டத் தொடங்கினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் தட்டினார்கள். ஜார்ஜியா பிட்சரை மாற்றி மாற்றிப் பார்த்தது. ஆட்டம் முடியும்போது பிரெஸ்னோ 19, ஜார்ஜியா 10.

ஜூன் 25. ஜார்ஜியா எதிரே பந்து எறிய வந்தவர் ஜஸ்டின் வில்சன் என்ற இடதுகைக்காரர். ஷெப்பர்ஸ் இல்லாத குறையை ஒரு மாதமாகத் தோளில் சுமந்தவர்களில் ஒருவர். எட்டு இன்னிங்ஸ் எறிந்தார். ஜார்ஜியாவால் அன்று மொத்தம் எடுக்க முடிந்தது ஒரே ஒரு ரன்.

பிரெஸ்னோ எடுத்தது ஆறு ரன். அந்த ஆறும் ஒரே ஆளின் தடியிலிருந்து வந்தது. கட்டைவிரல் ஜவ்வு கிழிந்த டெட்வைலர்! முதல் ஹோம் ரன்னில் இரண்டு ரன். பிறகு ஒரு நீண்ட அடியில் ஒன்று. ஆறாவது இன்னிங்ஸில் இன்னொரு ஹோம் ரன், அதில் மூன்று. நாலு முறை அடிக்க வந்து நாலு முறையும் அடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்தை ஜார்ஜியாக்காரர் உயரே தூக்கி அடித்தார். அது போய் விழுந்ததும் வலது பக்கம் நின்ற டெட்வைலரின் கையுறையில்தான். 6-1.

அரிசோனாவில் 12-4 வாங்கிய நாளிலிருந்து அந்த இரவு வரை, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆட்டம் ஐந்து வந்தது. ஐந்திலும் பிரெஸ்னோ ஜெயித்தது. வழியில் விழுந்தவர்கள் நாட்டின் மூன்றாவது, ஆறாவது, இரண்டாவது, எட்டாவது இடத்துக்காரர்கள்.

தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு மெண்டோன்ஸாவுக்கு. ஒமாஹாவில் நாலு ஹோம் ரன் அடித்திருந்தார். 99 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன அதே மெண்டோன்ஸா!

அப்புறம்?

நாலாவது நம்பர் வாங்கி வந்து கோப்பையோடு போன அணி, 2025 வரை பார்த்தால் பிரெஸ்னோ ஒன்றுதான். 2012-ல் நியூயார்க் பக்கத்து ஸ்டோனி புரூக்கும், 2023-ல் ஓக்லஹோமாவின் ஓரல் ராபர்ட்ஸும் அதே நாலாவது நம்பரோடு ஒமாஹா வரை வந்து, கோப்பை இல்லாமல் திரும்பின.

பிரெஸ்னோ கல்லூரியின் ஆண்கள் அணிகளுக்கு, முதல் பிரிவு ஆட்டங்களில் அதுதான் முதல் தேசியக் கோப்பை. பெண்கள் முந்திக்கொண்டு 1998-லேயே சாப்ட்பாலில் வாங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மைக் பேட்ஸோல் 2022 வரை அங்கேயே கோச்சாக இருந்தார். கல்லூரி 2012-ல் பழைய கான்பரன்ஸைவிட்டு வேறு கான்பரன்ஸுக்குப் போய்விட்டது.

பந்து எறிந்த வில்சன் 2012-ல் சம்பள பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் நுழைந்து, பல வருஷம் பல அணிகளுக்கு எறிந்தார். தோள்பட்டைக் காயத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஷெப்பர்ஸும் அதே 2012-ல் டெக்சாஸ் அணிக்காக மேஜர் லீக்கில் இறங்கினார். டெட்வைலர் அந்த உயரம் வரை போகவில்லை. சீசன் முடிந்தபின் கட்டைவிரலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார்.

அந்த மூன்று இரவுகள் நடந்த ரோசன்பிளாட் ஸ்டேடியத்தில் 2010-தான் கடைசித் தொடர். மறு வருஷத்திலிருந்து போட்டிகள் ஒமாஹாவிலேயே புது மைதானத்துக்கு மாறின. பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். பக்கத்து மிருகக்காட்சி சாலைக்கு வருகிறவர்கள் அங்கே கார் நிறுத்துகிறார்கள். நடுவில் மட்டும் பேஸ்கள் இருந்த இடத்தில் நினைவாக ஒரு குட்டி மைதானம் விட்டு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஓடுகின்றன.